கறுப்புத் துணியில் வெள்ளைத் தடம்

மார்க்கம், வரலாறு, கவிதை என உயர்ந்த பொருள்களைப் பேசும் ஓர் ஏட்டில் துணி துவைப்பதைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமா என்று நேயர்கள் ஐயுறக்கூடும். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. ஆயினும், நம் இல்லங்களில் நாள்தோறும் நடைபெறுவதும், ஆடவராகிய நாம் பெரும்பாலும் எட்டிப் பாராததுமான ஒரு வேலை என்னைத் தலைகுனிய வைத்தது. அந்தத் தலைகுனிவினின்றும் நான் கற்றவை இன்னொரு வீட்டுக்காவது பயன்படும் என்னும் எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது கொல்லிமலையின் செம்மேட்டில். நாமக்கல்லினின்றும் சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்கு வந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட பாதையில் ஏறி, சோளக்காட்டைக் கடந்து இவ்வூரை அடைய வேண்டும். சேலம் மாவட்டத்தோடு இருந்த இம்மலை, 1997 இல் நாமக்கல் மாவட்டம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. சங்கப் புலவர் பாடிய வல்வில் ஓரிக்கு இவ்வூரில் சிலை உண்டு. மிளகும் காப்பிக் கொட்டையும் வாங்கிக் கீழ்நாட்டுக்கு அனுப்பும் சிறு வணிகம் என்னுடையது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தோம். குளிரும் பனிமூட்டமும் பழகிவிட்டன. பழகாமல் நின்றது ஒன்றே ஒன்று. அதுதான் இம்மலையில் துணி துவைக்கும் கலை. அதுவும் எனக்குத்தான் பழகவில்லை; என் இல்லாளுக்கு வந்த சில மாதங்களிலேயே பழகிவிட்டது.

ஈராண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில், பாசி படிந்த பின்கட்டுப் படியில் அவள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பின்னரும் அந்தக் கைக்குப் பிழியும் வலு திரும்பவில்லை. திருச்சியில் வாழும் எங்கள் மகள் செய்தி அறிந்து ஒரு சலவை இயந்திரத்தை வாங்கி அனுப்பினாள். அன்று முதல் துணி துவைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டேன் என்பதைவிட, விளையாட்டுப் பொருள் கிடைத்த சிறுவனைப்போல் பற்றிக்கொண்டேன் என்பதே சரி.

என் முறை எளிது. இயந்திரத்தின் வாய்வரை துணிகளைத் திணிப்பேன். சலவைத் தூளை இரு கை நிறைய அள்ளி மேலே தூவுவேன். தண்ணீரும் மின்சாரமும் மிச்சமாகட்டும் என்று, ஒரே முறை அலசும் குறுகிய சலவைக்கான பொத்தானை அழுத்துவேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒருநாள் அந்தப் பெருமிதத்தில் அவளைப் பார்த்து, "இதற்கா நாற்பது ஆண்டுகளாக இடுப்பு வலி, தோள் வலி என்று சொல்லி வந்தாய்?" என்று கேட்டும் விட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. கொடியில் கிடந்த துணி ஒன்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே சென்றாள்.

அந்த மார்கழியில் ஓர் இரவு, அவளுடைய தாய்மாமா வபாத்தாகிவிட்டார் என்னும் செய்தி தொலைபேசியில் வந்தது. ளுஹருக்குப் பின் நல்லடக்கம். விடியுமுன் புறப்பட்டாக வேண்டும். அவள் பீரோவைத் திறந்து தன் கறுப்புப் புர்காவை எடுத்து உதறினாள். விளக்கொளியில் நானும் கண்டேன். ஓரங்களிலும், முழங்கை மடிப்பிலும், கைத் தையலை ஒட்டியும் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளை வெள்ளையாகத் தடங்கள். அவள் ஈரத்துணி கொண்டு துடைத்தாள், தடம் மறைந்தது. "போய்விட்டது, பார்!" என்றேன் நான். பனிமூட்டத்தில் தலைவிளக்கு எரிய இறங்கிய பேருந்தில் அவள் அழுது கொண்டே வந்தாள். காரவள்ளியை அடைந்தபோது விடிந்து வெயிலும் விழுந்தது. ஈரம் உலர்ந்த துணியில் தடங்கள் முன்னினும் பளிச்சென்று திரும்பி நின்றன.

மையித்து வீட்டில் பெண்கள் பக்கம் நடந்ததை அவள் பின்னர்தான் சொன்னாள். அவளுடைய சின்னம்மா ஒருவர் இருக்கிறார், எண்பதைக் கடந்தவர், இன்றும் வெள்ளைத் துப்பட்டிதான் அணிகிறார். அழுதுகொண்டிருந்தவர்களிடையே இருந்து எழுந்து வந்து, இவளைக் கதவோரம் அழைத்துச் சென்று, தம் துப்பட்டி முனையை நனைத்து இவள் புர்காவின் ஓரத்தைத் துடைத்தாராம். "கை சரியாயிருந்தா நீ இப்படி வந்திருக்க மாட்டே" என்று மட்டும் சொன்னாராம். இறந்தவர் இவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவர் முகத்தை இறுதியாகப் பார்க்கும் நேரத்திலும், தன் ஆடையை யார் பார்க்கிறார்கள் என்னும் கூச்சம் இவளை விட்டு அகலவில்லை. அந்த நேரம் இனி அவளுக்குத் திரும்பக் கிடைக்காது. மலையேறும் பேருந்தில் அவள் இதைச் சொன்னபோது, "உங்க மேல குத்தமில்லீங்க" என்றும் சேர்த்துச் சொன்னாள். குற்றம் என்னுடையதுதான் என்பதை அந்தச் சொல்லே எனக்கு உணர்த்திற்று.

அன்றிரவு எனக்குள் வேறோர் அச்சமும் எழுந்தது: இத்தகைய தடம் படிந்த ஆடையுடன் தொழுத தொழுகைகள் என்னாவது? எங்கள் உறவினரான ஓர் ஆலிமிடம் கேட்டேன். சவுக்காரம் தூய பொருள். அதன் தடம் நஜீஸ் ஆகாது. தொழுகைக்குக் குறைவில்லை என்று தெளிவுபடுத்தினார். மனம் ஆறுதல் அடைந்தது. ஆயினும் மையித்து வீட்டின் கதவோரம் நின்ற ஒரு பெண்ணின் கூச்சத்துக்கு அது ஆறுதலாகாது. ஆகவே, அந்த வெள்ளைத் தடம் எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தொடங்கினேன்.

முதலில் எழுந்த கேள்வி, ஏன் இது நம் முன்னோர் காலத்தில் இல்லை என்பது. விடை எளிது. என் தாயாரும் நன்னியும் வெளியே செல்லும்போது அணிந்தது வெள்ளைத் துப்பட்டி. தமிழ் முஸ்லிம் ஊர்கள் பலவற்றிலும் அதுவே வழக்கம். 1980களிலும் அதன் பின்னரும்தான் கறுப்புப் புர்கா படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது. வெள்ளைத் துணியில் சவுக்காரம் தங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் பூத்தால் ஒரு துளி நீலம் போட்டு மறைத்துவிடலாம். கறுப்புத் துணி ஒளியை விழுங்கும். அதன்மேல் படிந்த பொடியோ ஒளியைச் சிதறடித்துப் பளிச்சென்று காட்டும். ஈரமாக இருக்கும்போது பொடிகளுக்கு இடையே நீர் நிறைந்து அந்தச் சிதறலைக் குறைத்துவிடுவதால் தடம் மறைந்ததுபோல் தோன்றுகிறது. நீர் உலர்ந்ததும் மீண்டும் தெரிகிறது. நான் "போய்விட்டது" என்றேனே, போகவில்லை, ஒளிந்திருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி, அந்தப் பொடி எது என்பது. இதற்குச் சவுக்காரத்தின் கதையைச் சற்றே சொல்லியாக வேண்டும். கொழுப்போ எண்ணெயோ காரத்துடன் சேர்ந்து காய்ச்சப்பட்டு உருவாவது சவுக்காரம். காரத்துக்கு மேலை மொழிகளில் வழங்கும் 'ஆல்கலி' என்னும் சொல், 'அல்கலீ' என்னும் அரபுச் சொல்லினின்றும் பிறந்தது. உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலைக் குறிப்பது அது. ஒலிவ எண்ணெயில் சவுக்காரம் காய்ச்சுவதில் பலஸ்தீனத்தின் நாப்லுஸும் சிரியாவின் அலெப்போவும் நெடுங்காலமாகப் பேர்பெற்றவை. அவ்விரு ஊர்களின் கைத்திறனையும் 2024 இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் வேகவைத்து வெளுத்தனர். உவர்மண்ணிலும் இருப்பது காரமே. பட்டுக்கும் கம்பளிக்கும் அந்தக் காரம் ஆகாது என்பதால் அவற்றுக்குப் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்தினர்.

சவுக்காரத்துக்கு ஒரு பகை உண்டு. அது கடின நீர். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சவுக்காரத்துடன் சேர்ந்து கரையாத பிசுக்காகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்பொழுது கொழுப்பில்லாமல் செயற்கையாகச் சலவைப் பொருள் செய்யும் முயற்சி தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1959 இல் சர்ஃப் தூள் வந்தது. 1969 இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கர்சன்பாய் படேல் தம் வீட்டில் தூள் தயாரித்து மிதிவண்டியில் கொண்டுசென்று மலிவாக விற்றார். அதுவே நிர்மா ஆயிற்று. ஏழை வீட்டுக்கும் சலவைத் தூள் எட்டியது அதன் பின்னர்தான். இத்தூள்கள் கடின நீரிலும் நுரைக்கும். ஆகவே பகை தீர்ந்தது என்று நாம் எண்ணினோம்.

உண்மையில் பகை வேறு உருவம் எடுத்தது. சலவைத் தூள் முழுவதும் அழுக்கு நீக்கும் பொருள் அன்று. அதில் சோடா சாம்பலும் வேறு உப்புகளும் பெரும்பங்கு வகிக்கின்றன. கடின நீரிலுள்ள சுண்ணாம்பு இந்தச் சோடாவுடன் சேர்ந்தால், சுண்ணாம்புக்கல்லின் நுண்பொடியாக மாறித் துணியில் படியும். நீரின் கடினத்தை அடக்குவதற்கு முன்னர் பாஸ்பேட் உப்புகளைத் தூளில் சேர்த்தனர். அவை ஏரிகளில் பாசியைப் பெருக்குகின்றன என்று கண்டு, பல நாடுகளில் அவற்றைக் குறைத்து, சியோலைட் என்னும் பொருளைச் சேர்க்கலாயினர். சியோலைட் இயல்பாகவே நீரில் கரையாதது. நன்றாக அலசினால் நீரோடு போகும். அலசலில் சிக்கனம் செய்தால் துணியிலேயே தங்கும்.

இவற்றை அறிந்தபின் எங்கள் வீட்டு நீரை நோக்கினேன். செம்மேட்டில் எங்களுக்கு இருவகை நீர். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் ஊற்று நீர். அது மென்மையானது, ஒரு சிட்டிகைத் தூளுக்கே நுரை பொங்கும். கோடையில் ஊற்று மெலிந்தால் ஆழ்துளைக் கிணற்று நீர். அதைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளைச் செதில் படியும். ஆக, கோடையில் சுண்ணாம்புத் தடம் வரக் காரணம் விளங்கியது. ஆனால் அவளைக் கூச வைத்த தடம் மார்கழித் தடமாயிற்றே! மென்மையான ஊற்று நீரில் அது எப்படி வந்தது?

இதற்கு விடை சொன்னவர் அடுத்த வீட்டு மூதாட்டி. இம்மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களைச் சேர்ந்தவர். தம் துணிகளை ஓடையில் கல்லில் அடித்துத் துவைப்பவர். நான் இயந்திரத்தில் தூளைத் தூவுவதை ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்தக் குளிர்ந்த தண்ணியில வெல்லமே கரையாதே, உங்க பொடி எப்படிங்க கரையும்?" என்றார். மறுகணமே ஒரு குவளைக் குளிர்நீரில் ஒரு கரண்டித் தூளைப் போட்டுக் கலக்கிப் பார்த்தேன். பத்து நிமிடம் கழிந்தும் அடியில் மணல்போல் கிடந்தது. வெதுவெதுப்பான நீரில் அதே அளவு தூளை இட்டபோது பெரும்பகுதி கரைந்து, சிறிதளவே அடியில் நின்றது. கரையாத இந்தத் தூள்தான் திணிக்கப்பட்ட துணிகளின் மடிப்புகளில் சிக்கி, ஒரே அலசலில் வெளியேற வழியின்றி நின்றுவிட்டது.

தடம் ஓரங்களிலும் தையல்களிலும் மட்டும் மிகுந்திருந்ததற்கும் காரணம் உண்டு. பனிமூட்டத்தில் எங்கள் துணி உலர இரண்டு மூன்று நாள் ஆகும். துணியிலுள்ள நீர் மெல்ல மெல்லக் கீழோரத்துக்கும் தடித்த தையலுக்கும் வடியும். கடைசியாக உலர்வது அவ்விடங்களே. நீரில் கரைந்திருந்த உப்புகளும் அங்கேயே குவிந்து வெளிப்படும். தரையில் சிந்திய காப்பி உலரும்போது நடுவில் வெளுத்து விளிம்பில் மட்டும் கறுத்து வளையமிடுவதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அவ்வகையே.

இங்கே என் தாயாரை நினைத்துக்கொண்டேன். நாங்கள் ஹனபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கண்ணுக்குப் புலப்படாத நஜீஸ் பட்ட துணியை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும் என்பது எங்கள் மத்ஹபின் சட்டம். என் தாயார் நஜீஸ் பட்ட துணி, படாத துணி என்று பிரித்துப் பார்த்ததில்லை. எந்தத் துணியையும் மூன்று நீரில் அலசிப் பிழிவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுவார். என் இல்லாளும் அதையே செய்து வந்தாள். அந்த மூன்றாம் அலசலை வீண் வேலை என்று எண்ணியிருந்தவன் நான். சவுக்காரத்தைத் துணியை விட்டு வெளியேற்றியது அந்த மூன்றாம் நீர்தான் என்பதை அறுபது வயதுக்குப் பிறகு ஓர் இயந்திரத்தின் முன் நின்று கற்றுக்கொண்டேன்.

இனி, நான் கண்டறிந்த முறைகளைச் சொல்லுகிறேன்.

முதலில் தடம் எவ்வகையது என்று அறிய வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அலசினால் உலர்ந்த பின்னும் தடம் வராவிட்டால், அது கரையாமல் தங்கிய தூள். நீருக்கு அசையாமல், சில துளி வினிகர் விட்டால் கரைந்து மறைந்தால், அது சுண்ணாம்புப் படிவு; கூர்ந்து நோக்கினால் சிறு குமிழிகள் எழுவதையும் சில நேரம் காணலாம். பிசுபிசுப்பாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால், கட்டிச் சவுக்காரம் கடின நீருடன் சேர்ந்த பிசுக்காகவோ, துணி மென்மைக்கென்று ஊற்றும் திரவம் நீரில் கலக்காமல் நேரே துணிமேல் பட்டதாகவோ இருக்கலாம். எதற்கும் மறையாமல் மடிப்பிலும் முழங்கையிலும் மட்டும் வெளுத்திருந்தால், அது படிவே அன்று. உராய்ந்து உராய்ந்து நூல் தேய்ந்த தடம். அதைச் சலவையால் நீக்க இயலாது. சட்டைப்பையில் மறந்து விட்ட தாள் கரைந்து ஒட்டிய துகள்களையும் சலவைத் தூள் என்று எண்ணி ஏமாந்தவன் நான். ஆகவே பைகளை முதலில் சோதியுங்கள்.

துவைக்குமுன் கறுப்பு, கருநீலம், கரும்பச்சைத் துணிகளைத் தனியே பிரித்து, உட்புறம் வெளியே வருமாறு திருப்ப வேண்டும். இதனால் உராய்வும் படிவும் உட்புறத்தோடு நின்றுவிடும். இயந்திரத்தின் தொட்டியைப் பாதிக்குமேல் நிரப்பலாகாது. துணிகள் நீரில் புரண்டு திரும்ப இடம் இருந்தால்தான் தூள் வெளியேறும். தூளை நேரே தூவாமல், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சில நிமிடம் தெளியவிட்டு, மெல்லிய துணியால் வடிகட்டி ஊற்ற வேண்டும். வசதியுள்ளோர் திரவச் சலவைப் பொருளை வாங்கலாம். அதில் கரையாத பொடி இராது. ஆனால் திரவமும் அளவு மீறினால் பிசுக்காகத் தங்கும்.

அளவைப் பற்றி நம்மிடையே ஒரு மயக்கம் உண்டு. நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்று எண்ணுகிறோம். நுரைக்கும் வெளுப்புக்கும் அத்தகைய கணக்கு இல்லை. எங்கள் ஊற்று நீரில், ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி தலைதட்டிய தூளே போதுமானதாக இருக்கிறது. நான் முன்னர் இட்டதில் அது நான்கில் ஒரு பங்குகூட இராது. கீழ்நாட்டுக் கடின நீரில் இதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும். உறையில் அச்சிட்ட அளவிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்து, அழுக்கு நீங்கும் மிகக் குறைந்த அளவில் நிறுத்திக்கொள்வதே வழி.

அலசல் மூன்று முறை. போதுமா என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. கடைசி அலசல் நீரைக் கண்ணாடிக் குப்பியில் பாதியளவு எடுத்து மூடிக் குலுக்குங்கள். எழுந்த நுரை உடனே அடங்கினால் போதும். மேலே நுரை நின்றால் இன்னொரு முறை அலசுங்கள். விரலிடையே அந்த நீர் வழுவழுப்பாக இருந்தாலும் அவ்வாறே. கடின நீர் உள்ளவர்கள், கடைசி வாளி நீரில் கால் கோப்பை அளவு வெள்ளை வினிகர் சேர்க்கலாம். அது எஞ்சிய காரத்தை முறித்துச் சுண்ணாம்பைக் கரைக்கும். வாடை உலரும்போது போய்விடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வெளுப்புத் தூள் கரைசலுடன் வினிகரையோ வேறு புளிப்பையோ ஒருபோதும் கலக்கலாகாது. அதினின்றும் எழும் குளோரின் வாயு மூச்சைப் பாதிக்கும் நஞ்சு.

உலர்த்துவதும் கவனிக்கத்தக்கது. பிழிந்ததும் இரண்டு முறை நன்றாக உதறி, மடிப்புகளைக் கையால் நீவி விரித்து, காற்றோட்டமுள்ள நிழலில் உட்புறம் வெளியே தெரியுமாறு தொங்கவிட வேண்டும். கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் ஈரம் மடிப்பில் நின்று அங்கேயே தடமிடும். பனிக்காலத்தில் கீழோரத்தில் திரளும் நீரை அவ்வப்போது கையால் உருவி விடுவது நலம். தேய்க்கும்போதும் உட்புறத்திலேயே, சூடு குறைத்துத் தேய்க்க வேண்டும். இன்றைய புர்காத் துணிகள் பலவும் பாலியெஸ்டர். மிகுந்த சூட்டில் பளபளப்பேறும். அந்தப் பளபளப்பும் தடம்போலவே தோன்றும். இயந்திரத்தில் தூள் இடும் பெட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். நான் முதன்முறை கழற்றியபோது அதில் கல்லாய் இறுகியிருந்த தூளைச் சுரண்டி எடுக்க ஒரு நாழிகை ஆயிற்று.

நிழலில் வைத்துக் காக்க வேண்டிய ஓர் ஆடைக்கு, சின்னம்மாவின் காலத்து வழியே மிகச் சிறந்தது என்று பின்னர் கண்டேன். சோளக்காட்டுச் சந்தையில் பூந்திக்கொட்டை வாங்கி, விதை நீக்கி, பத்துப் பன்னிரண்டு தோல்களை இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டினால் செந்நிறச் சாறு கிடைக்கும். அதில் சோடாவும் இல்லை, கரையாத பொடியும் இல்லை. மிகுந்த அழுக்குக்கு அது போதாது. எண்ணெய்க் கறைக்கும் போதாது. வெளியே அணிந்து வந்து வியர்வையும் தூசியும் மட்டும் படிந்த கறுப்பு ஆடைக்கு அது தாராளம். கண்ணில் தெறித்தால் எரியும் என்பதால் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சிறு வயதில் எனக்கு ஓதிக்கொடுத்த லெப்பை, ஒளூச் செய்யும்போது குழாயைத் திறந்து விட்டவனைக் காதைப் பிடித்துத் திருகுவார். நீரை வீணாக்குவதை அவ்வளவு கடுமையாகக் கண்டித்தவர். மூன்று முறை அலசுவது அவர் கற்பித்ததற்கு மாறாகுமோ என்று எண்ணினேன். கணக்குப் பார்த்தபோது வேறாக இருந்தது. தூளைக் குறைத்தபின் மூன்று அலசலுக்கும் முன்னைவிடக் குறைந்த நீரே போதியதாயிற்று; கறுப்புத் துணியை மறுமுறை துவைக்கும் வேலையும் ஒழிந்தது. அந்த அலசிய நீரும் எங்கோ சென்றாக வேண்டும் அல்லவா? இம்மலையின் ஓடைகள் பல சேர்ந்து அய்யாறாகி, ஆகாய கங்கை அருவியாய் வீழ்ந்து, அடிவாரத்தில் புளியஞ்சோலை வழியே ஓடுகின்றன. அங்கே குழந்தைகள் நீராடுகிறார்கள். நான் இரு கை நிறைய அள்ளிக் கொட்டிய தூளில் துணிக்குப் பயன்பட்டது சிறிது. ஓடைக்குப் போனதே பெரிது.

தாய்மாமாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மீண்டும் இறங்கினோம். அதற்கு மூன்று நாள் முன்னரே பூந்திச் சாற்றில் அந்தப் புர்காவை நான் கையால் துவைத்து, மூன்று நீரில் அலசி, குப்பியில் குலுக்கிப் பார்த்து, நிழலில் உலர்த்தினேன். புறப்படும் முன் அவள் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துச் சென்று, கீழோரத்தை ஒரு சுற்று முழுதும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அணிந்துகொண்டாள். காரவள்ளி வெயிலில் நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கறுப்பு, கறுப்பாகவே இருந்தது.

அன்று மாலை திரும்பும் பேருந்தில், வளைவுகள் தொடங்கிச் சிறிது தூரம் ஏறிய பின் அவள் பேசினாள். பெண்கள் பக்கத்தில் சின்னம்மா இவளுடைய கைத் துணியைப் பிடித்து முகர்ந்து, "பூந்திக்கொட்டையா?" என்று கேட்டாராம். ஆம் என்றாளாம். "கை சரியாயிடுச்சா?" என்றாராம் அவர்.

"நீ என்ன சொன்னாய்?" என்று நான் கேட்டேன்.

"இன்னும் இல்லை சின்னம்மா, அவங்கதான் துவைச்சாங்கன்னு சொன்னேன்" என்றாள். சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதுகுப் பக்கம் இன்னும் கொஞ்சம் நல்லாப் பிழிஞ்சிருக்கலாம்" என்றும் சொன்னாள்.